எடுக்காதீர்கள் என்று எழுதிய வரி

என் டிரைவர் கோடில் ஒரு வரிக்கு மேல் இப்படிக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: ‘இந்த பிரிண்ட்டை எடுக்காதீர்கள். எடுத்தால் வேலை செய்யாது. கம்பைலர் பக்.’ மூன்று வாக்கியம். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது பொய். பொய்யாக இருக்கலாம் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

2015. அடையாறு டிப்போவிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு சின்னக் கம்பெனி. கீழே மருந்துக் கடை, மேலே நாங்கள் பதினோரு பேர். மின்சார மீட்டர்களின் ரீடிங்கை ரேடியோ வழியாக வாங்கி அனுப்புகிற பெட்டி செய்தோம். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு ஆர்ம் போர்டு, அதில் லினக்ஸ் கெர்னல். கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிறு. மெமரி, டிஸ்க், நெட்வொர்க், வெளியே செருகும் சாதனங்கள் என எல்லாவற்றுக்கும் படியளப்பது அதுதான். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கியது. கோடு முழுக்கத் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். நாங்களும் எடுத்தோம். அதற்குள் எங்கள் ரேடியோ சிப்புக்கான டிரைவரை, அதாவது சிப்பை கெர்னலோடு பேச வைக்கிற கோடை, எழுதியவன் நான்.

கெர்னலுக்குள் எழுதுகிறவன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. லஸ் கார்னரில் 29சிக்காக நிற்கும்போது பக்கத்தில் யாராவது போனில் வெப்சைட் வேலை பற்றிப் பேசினால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த அளவுக்கு.

செப்டம்பரில் கம்பைலரை மாற்றினோம். நாம் எழுதும் சி கோடை சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். தமிழில் தொகுப்பி என்கிறார்கள். நல்ல சொல்தான், எங்கள் ஆபீசில் யார் வாயிலும் வந்ததில்லை. ஜிசிசி என்ற கம்பைலரின் பழைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு மாறினோம், அவ்வளவுதான். கோடில் ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் பெட்டி, பத்து முறைக்கு மூன்று முறை, லாகில் ‘மைனஸ் 110’ என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. கெர்னலில் அந்த எண்ணுக்கு டைம் அவுட் என்று பொருள். காத்திருந்து பார்த்தேன், பதில் வரவில்லை என்கிறது.

பத்துக்கு மூன்று என்றதும் ஹார்டுவேர் மேல்தான் சந்தேகம் போகும். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வேறு கேபிள், வேறு அடாப்டர் வாங்கி வந்தேன். சிப்பைக் கழற்றிப் புதிது போட்டோம். ஆஸிலாஸ்கோப்பை மாட்டிப் பார்த்தால் சிப் ஒழுங்காகத்தான் இன்டரப்ட், அதாவது ‘வேலை முடிந்தது’ என்ற தட்டல், கொடுக்கிறது. என் கோடு செய்தது இவ்வளவுதான்: சிப்புக்குக் கட்டளை அனுப்பும், பிறகு ‘டன்’ என்ற ஃப்ளாக் ஒன்றாகிறதா என்று ஒரு லூப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். சிப் வேலையை முடித்ததும் இன்டரப்ட் வரும். அதைக் கவனிக்கிற வேறொரு ஃபங்ஷன் டன்னை ஒன்றாக்கும். இருநூறு மில்லி செகண்டுக்குள் ஆகாவிட்டால் மைனஸ் 110. சிப் பதில் சொல்கிறது, ஃப்ளாக் ஒன்றாகிறது, ஆனால் லூப்பில் நிற்கிறவன் மட்டும் ‘இன்னும் வரவில்லை’ என்கிறான்.

லூப்புக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒரு பிரிண்ட் போட்டேன். பக் போய்விட்டது. நூறு முறை ஓட்டினேன், நூறும் சரி. பிரிண்ட்டை எடுத்தேன், திரும்ப வந்தது. அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை, கம்பைலர் கோடைச் சுருக்கி வேகமாக்குகிற வேலையை, நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் பக் இல்லை. (கெர்னல் முழுவதையும் ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்ய முடியாது. கம்பைலர் சிலதைச் சுருக்கிக் கொடுக்கும் என்று நம்பியே அது எழுதப்பட்டிருக்கிறது.) பழைய கம்பைலரில் சரி, புதியதில் தப்பு, ஆப்டிமைசேஷன் இல்லாவிட்டால் சரி, இருந்தால் தப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? குற்றவாளி கம்பைலர்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

எனக்குத் தெம்பு கொடுத்தது அதற்கு முந்தைய வருடத்துச் சம்பவம். 2014 ஜூலையில் ஜிசிசி 4.9.0 உண்மையிலேயே கெர்னலைத் தப்பாகக் கம்பைல் செய்தது. ஸ்டாக்கில் இடம் ஒதுக்குவதற்கு முன்பே அங்கே ஒரு மதிப்பை எழுதி வைத்துவிட்டது. அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்தால் அந்த மதிப்பு அழிந்துபோகும். சிபியுக்களுக்கு வேலையைப் பங்கிடுகிற ஷெட்யூலரிலேயே இது நடந்தது. டோர்வால்ட்ஸ் கம்பைலர்காரர்களை அச்சில் ஏற்ற முடியாத சொற்களால் திட்டி, அதைத் தவிர்க்க கெர்னலின் பில்டில் ஒரு ஆப்ஷனைச் சேர்த்தார். அந்தத் திட்டை நான் நண்பர்களுக்கெல்லாம் ஃபார்வர்டு செய்திருந்தேன். திட்டுவதற்கு முன்னால் அவர் கம்பைலர் பெற்றுப்போட்ட கட்டளைகளை, அதாவது அசெம்ப்ளியை, வரி வரியாகப் படித்து, எந்தக் கட்டளை எந்த இடத்தில் தப்பாக நிற்கிறது என்று எடுத்துக் காட்டியிருந்தார். அந்தப் பகுதியை நான் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

அவரைப் போலவே நானும் ஜிசிசிக்கு ஒரு புகார் எழுதினேன். கொஞ்சம் காரமாகவே. மறுநாளே பதில் வந்தது. நிலை: இன்வேலிட். இது பக்கே அல்ல என்று அர்த்தம். கீழே இரண்டு வரி: அந்த ஃப்ளாக் வெளியிலிருந்து மாறக்கூடியது என்று உங்கள் கோடு கம்பைலரிடம் எங்கேயும் சொல்லவில்லையே. படித்தேன். எனக்கே பாடம் எடுக்கிறானா என்று டேபை மூடினேன்.

வாய்ப்பு இன்னொரு முறையும் வந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் அப்போதெல்லாம் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில், கஜேந்திரா சர்க்கிள் பக்கம், ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில் கூடுவார்கள். கூட்டம் முடிந்து வெளியே நிற்கும்போது என் கம்பைலர் பக் கதையைச் சொன்னேன். நாலைந்து பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். நரைத்த தாடி வைத்த ஒருவர் மட்டும், “2009 டன் டிரைவர் கதை தெரியுமா தம்பி?” என்றார். என் ஃப்ளாக்கின் பெயரும் டன்தான், அது தற்செயல். இது நெட்வொர்க் டன்னலுக்கான டிரைவர்.

அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்த டிரைவரில் ஒரு பாயின்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி) வழியே போய் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் ‘இந்த பாயின்டர் காலியா?’ என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டு, ‘வீடு பூட்டியிருக்கா?’ என்று கேட்டால் என்ன செய்வோம்? பூட்டியிருந்தால் இவர் எப்படி உள்ளே வந்திருப்பார் என்று அந்தக் கேள்வியையே தள்ளிவிடுவோம். கம்பைலரும் அதைத்தான் செய்தது. காலியான பாயின்டர் வழியே போகக் கூடாது என்பது சி மொழியின் விதி. நீ போய்விட்டாய், ஆகவே அது காலியில்லை, ஆகவே இந்தச் சோதனை வீண் என்று சோதனையையே நீக்கிவிட்டது. ஆனால் கெர்னலுக்குள் காலி முகவரியிலும் ஆள் உட்கார வழி இருந்தது. அந்த ஓட்டை வழியாக மெஷினையே கைப்பற்றலாம் என்று பிராட் ஸ்பெங்லர் என்பவர் 2.6.30 கெர்னலில் செய்து காட்டினார். வரிகளை இடம் மாற்றினார்கள். இனி இப்படிச் சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ஆப்ஷனையும் கெர்னல் பில்டில் போட்டார்கள்.

“பாத்தீங்களா சார், அதுவும் கம்பைலர் பண்ண வேலைதானே” என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “முதல் தப்பு யாரோடது? அத விடுங்க. உங்க லூப்போட அசெம்ப்ளியப் பாத்தீங்களா?”

“பாத்தேன்” என்றேன். பார்க்கவில்லை. பின்னால் புல்வெளியில் இரண்டு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பிரிண்ட்டை லூப்புக்குள்ளேயே விட்டு, மேலே அந்த மூன்று வாக்கியக் குறிப்பை எழுதி, கமிட் செய்தேன். நேரமில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தையும் மழை கெடுத்தது. டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு ஆறு கரை மீறி, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கி, எங்கள் டெலிவரி மூன்று வாரம் தள்ளிப்போனது. மூன்று வாரம். ஒரு லூப்பின் அசெம்ப்ளியைப் படிக்கப் பத்து நிமிடம் போதும்.

2016 ஜூனில் கல்லூரி முடித்த கையோடு ஒரு பெண் டிரெய்னியாக வந்து சேர்ந்தாள். கேள்வி கேட்பதில் கூச்சமே கிடையாது. பெட்டிகளில் லாக் நிறைந்து ஃப்ளாஷ் மெமரி வீணாகிறது, சரிசெய் என்று அவளிடம் வேலை வந்தது. நிறைத்துக்கொண்டிருந்தது என் பிரிண்ட். அவள் குறிப்பைப் படித்தாள். ‘கம்பைலர் பக்’ என்று இருந்தது. அதற்குள் நாங்கள் அடுத்த கம்பைலருக்கும் மாறியிருந்தோம். பக் என்றால் இதற்குள் திருத்தியிருப்பார்கள் என்று நினைத்தாள், நியாயமான நினைப்பு. பிரிண்ட்டை எடுத்துவிட்டு, மேஜை மேல் மீட்டரைப் பக்கத்திலேயே வைத்து இருபது முறை சோதித்தாள். இருபதும் சரி. அப்டேட் போனது.

தி.நகரில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் எங்கள் பெட்டிகள் வரிசையாகப் படுத்தன. ஆடி மாதம். உஸ்மான் ரோட்டில் தள்ளுபடிக் கூட்டத்துக்கு நடுவே நானும் அவளும் லேப்டாப், சீரியல் கேபிளோடு நீந்திப் போய்ச் சேர்ந்தோம். தரைக்குக் கீழே மீட்டர் ரூம். காற்று இல்லை, சுவரில் கரப்பான் பூச்சி, நாற்பது மீட்டர்களின் சிவப்பு விளக்குகள் கண்சிமிட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். நான் டார்ச் பிடித்தேன். திரையில் மைனஸ் 110, மைனஸ் 110, மைனஸ் 110. மேனேஜரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனாலும் அந்த அறையில் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. “எடுக்காதேன்னு தமிழ்ல வேணா எழுதி வைக்கணுமாம்மா உனக்கு?” என்றார். அவள் “சாரி சார்” என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமையும் வாய் திறக்கவில்லை. பெட்டிகளுக்குப் பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டாயிற்று, இனி எதற்கு என்று இருந்தேன்.

வியாழன் சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள். கையில் ஒரு பிரிண்ட் அவுட், சிவப்புப் பேனாவில் இரண்டு அம்புக்குறி. என் லூப்பின் அசெம்ப்ளி.

“சார், மெமரிலேர்ந்து ஃப்ளாக்கை எடுக்கற கட்டளை இங்க, லூப்புக்கு மேல இருக்கு. லூப் முடிஞ்சு திரும்பற அம்பு அதுக்குக் கீழ வந்து நிக்குது. ஒரே தடவைதான் சார் பாக்குது. அப்புறம் பாக்கவே இல்ல.”

அதைக் கேட்டதும் எனக்குப் பாட்டி நினைவுக்கு வந்தாள். எனக்குப் பத்து வயது. தெற்கு மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்து மூவர். பாட்டிக்கு முட்டி வலி, தெருவில் நிற்க முடியாது. “சாமி வந்துட்டா சொல்லுடா, வாசல் வரைக்கும் வரேன்” என்று உள்ளே படுத்திருந்தாள். நான் ஒரு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன், இல்லை. திண்ணையில் காமிக்ஸோடு உட்கார்ந்தேன். “வந்துட்டாடா?” “இல்ல பாட்டி.” “இப்ப?” “இன்னும் இல்ல.” தலையை நிமிர்த்தவே இல்லை. முதல் தடவை பார்த்ததை வைத்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கபாலீஸ்வரர் போய், நாயன்மார்களின் பல்லக்குகளும் போய்விட்டன. மேளச் சத்தம் தூரத்தில் தேயும்போதுதான் பாட்டி எழுந்து வந்தாள்.

என் லூப்பும் அதே பையன்தான். கம்பைலர் பார்த்தது: இந்த லூப்புக்குள் யாரும் டன்னை மாற்றவில்லை. மாற்றாததை எதற்குத் திரும்பத் திரும்ப மெமரிக்குப் போய்ப் பார்ப்பது? ஒரு தடவை எடுத்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டால் போதும். இன்டரப்ட் என்று ஒன்று நடுவில் புகுந்து மாற்றும் என்று நான் அதனிடம் சொன்னேனா? இல்லை. பழைய கம்பைலரில் ஏன் ஓடியது? டைம் அவுட்டைச் சோதிக்க லூப்புக்குள் ஒரு குட்டி ஃபங்ஷன் வைத்திருந்தேன். பழையது அதைத் தனியாகக் கூப்பிட்டது. வெளியே ஒரு ஃபங்ஷன் போய்வந்தால் அது எதை மாற்றியிருக்குமோ என்று கம்பைலர் மறுபடி மெமரியைப் பார்க்கும். புதியது அந்த ஃபங்ஷனை லூப்புக்குள்ளேயே கரைத்துவிட்டது. பிரிண்ட்டும் அதே மாதிரி ஒரு வெளிக் கூப்பாடு. அதனால்தான் அதைப் போட்டால் பக் மறைந்தது. மேஜை மேல் ஏன் இருபதும் சரி? கட்டளை அனுப்பியதற்கும் லூப்புக்கும் நடுவில் கொஞ்சம் வேறு வேலை இருந்தது. மீட்டர் பக்கத்திலேயே இருந்ததால் அதற்குள் பதில் வந்து, முதல் பார்வையிலேயே ஃப்ளாக் ஒன்றாக இருந்தது. தி.நகரில் மீட்டர்கள் தள்ளி இருந்தன. எல்லாம் பத்து நிமிடத்தில் புரிந்தது. ஜிசிசிக்காரர் எனக்கு எழுதிய இரண்டு வரியும் இதைத்தான் சொன்னது.

“கிட் பிளேம் போட்டுப் பாத்தியா?” என்று மெதுவாகக் கேட்டேன். ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று காட்டுகிற கமாண்டு. பழி என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

“செவ்வாக்கிழமையே பாத்துட்டேன் சார். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

மேனேஜர் அறை என் மேஜையிலிருந்து எட்டு அடி. போய்ச் சொன்னேன். ஃப்ளாக், லூப், இன்வேலிட் பதில், ஐஐடியில் சொன்ன பொய், மீட்டர் ரூமில் பிடித்த டார்ச், எல்லாவற்றையும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரே எழுந்து போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கேட்டது அதற்குப் பிறகுதான், அது இன்னும் உறுத்துகிறது.

திருத்துவது எப்படி என்பதிலும் நான் சறுக்கினேன். ஃப்ளாக்குக்கு முன்னால் ‘வாலடைல்’ என்று போட்டால் போதும், ஒவ்வொரு தடவையும் மெமரியைப் பார்க்கும் என்றேன். கெர்னலின் ஆவணங்களிலேயே வாலடைலைத் தவிர்க்கச் சொல்லி ஒரு தனிப் பக்கம் இருக்கிறது என்று திறந்து காட்டினாள். பார்த்துக்கொண்டே நிற்கிற லூப்பே வேண்டாம் என்றாள். கெர்னலில் ‘கம்ப்ளீஷன்’ என்று ஒரு வசதி உண்டு. காத்திருப்பவன் தூங்கப் போகலாம், வேலை முடிந்ததும் இன்டரப்ட் வந்து எழுப்பும். பாட்டி தூங்கட்டும், சாமி வாசலுக்கு வரும்போது எழுப்பிக்கொள்ளலாம். நாற்பது வரி பதினாறு வரியானது.

கம்பைலர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மெமரியை நிரப்புகிற மெம்செட் ஃபங்ஷனை நாம் லூப்பாக எழுதினால், ‘அட, இது மெம்செட்டாச்சே’ என்று அந்த லூப்பை எடுத்துவிட்டு மெம்செட்டையே கூப்பிட்டு, அது தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டே போய் மெஷின் சாகும், அப்படிப்பட்ட புத்திசாலிகள். வேலை முடிந்ததும் ரகசியச் சாவியை அழிக்கிற வரியை, ‘இதை யாரும் பிறகு படிக்கவில்லையே’ என்று நீக்கிவிடுவார்கள். அதற்காகவே 2014இல் கெர்னலில் நீக்க முடியாத தனி ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்தார்கள். டோர்வால்ட்ஸின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் திட்டிய வழக்கில் அவரிடம் அசெம்ப்ளி இருந்தது. என் வழக்கில் என்னிடம் இருந்தது அவருடைய திட்டு மட்டும்.

அவள் அடுத்த வருடமே வேறு வேலைக்குப் போய்விட்டாள். 2018இல் ஐஐடி மெட்ராஸ் வடிவமைத்த சக்தி சிப்பில் லினக்ஸ் பூட் ஆகிவிட்டது என்று பேப்பரில் வந்த அன்று அவளிடமிருந்து ஒரு மெசேஜ்: “அங்க பக் வந்தா சந்தேகப்பட மூணு பேர் இருக்காங்க சார். சிப், கம்பைலர், நாம.”

அந்த டிரைவர் இன்னும் தி.நகர் மீட்டர் ரூம்களில் ஓடுகிறது. அவள் எழுதிய பேட்சின் அடியில், கெர்னல்காரர்களின் வழக்கப்படி, ‘ஃபிக்ஸஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தில் என் கமிட்டின் எண்.